புளியங்கொட்டைப் பசை

மாசி பங்குனியில் புளி உலுக்கி, ஓடு நீக்கிக் கொட்டை எடுக்குங்கால், திருப்பூரைச் சூழ்ந்த எம் சிற்றூர்களின் முற்றங்களில் அக்கொட்டை குவிந்து கிடக்கும். சிலவற்றை ஒருபுறம் தேய்த்துத் தாயம் ஆடினோம். எஞ்சியவற்றைக் குப்பையென்றே எண்ணினோம்.

நெசவுக்கோ அது அயலன்று. தறியில் பாவு இழை விழுதிலும் அச்சிலும் உராய்ந்து அறாதிருக்கக் கஞ்சி இடுவர். (பனியன் பின்னலுக்கு இது வேண்டுவதில்லை, யாம் கூறுவது பல்லடம், சோமனூர்ப் பக்கத்துத் தறி போல்வனவற்றை.) 1942-ஆம் ஆண்டில் கோஷ், கிருஷ்ணா என்னும் இந்திய அறிஞர் இருவர், புளியங்கொட்டைப் பருப்பில் ஏறத்தாழச் சரிபாதி பசையாகும் பொருள் என அறிவித்தனர், பின்னர் ஆலைகள் அப்பருப்பு மாவைக் கஞ்சிக்குக் கொண்டன. நற்கஞ்சி தறியில் உள்ளவரை இழையைப் பற்றியிருக்கும். துணியானபின் கழுவ அகலும்.

புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் பொருளிடம் வேண்டப்படுவதும் இதுவே. டாக்சோரூபிசின் என்னும் மருந்து பெருகும் உயிரணுக்களை அழிக்கும். ஆயின் குருதியோடு உடலெங்கும் செல்வதால் மயிர் உதிரும். அளவு மிகின் இதயம் நலியும். குறைப்பின் நோய் எஞ்சும். மருத்துவர் படும் இடர் இவ்விரண்டிற்கும் இடையிலேதான்.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மைய ஆராய்ச்சியாளர், புளியங்கொட்டைப் பருப்பினின்று காலக்டோசைலோகுளூக்கான் என்னும் சர்க்கரைத் தொடரைப் பிரித்தெடுத்தனர். குளூக்கோஸ் தண்டாகவும், சைலோஸ் கிளையாகவும், கிளைநுனி சிலவற்றில் காலக்டோஸ் தளிராகவும் அமைந்தது அது. அதனோடு டாக்சோரூபிசினைச் சேர்த்து மிக நுண்ணிய துகள்களாக்கி ஆய்ந்து, மருந்து கட்டியை மிகுதியாகச் சேர்வதையும் அதன் தீங்கு தணிவதையும் 2014-இல் வெளியிட்டனர். கட்டியின் குருதிக்குழாய்கள் செவ்வனே அமையாது இடைவெளி உடையன. அவ்வழியே இத்தகைய துகள்கள் கசிந்து தங்கும். கல்லீரல் உயிரணுக்களின் புறத்தே காலக்டோஸை இனங்கண்டு பற்றும் ஏற்பிகளும் உள. ஆதலின் கல்லீரற் புற்றுக்கு இத்தளிரே வழிகாட்டியாகலாம் என்பர்.

இச்செய்தியை எம் தெருவில் நோயுற்றிருக்கும் அத்தை ஒருவரிடம் மகிழ்ந்து உரைத்தோம். அவரோ, "அப்படீன்னா கொட்டையை வறுத்துத் தின்னாப் போதுமா, கண்ணு?" என வினவினார். யாம் திடுக்கிட்டோம். உண்ட பசை செரியாது பெருங்குடலைச் சேருமேயன்றிக் குருதியிற் புகாது. அன்றியும் இங்கே அது மருந்தின் சுமையாளே. எலியிடம் கண்ட பயனை மனிதரிடமும் காணவேண்டும். இவற்றையெல்லாம் விளக்க ஒரு மாலைப்பொழுது சென்றது. மறுவாரம் அவர் ஊசிக்குச் சென்றபோது யாமும் உடன் சென்றோம்.