லேத்தைத் தொடும் முன்

பதினொன்றாம் வகுப்பில் இயந்திரவியல் தொழிற்கல்வி எடுத்த பிள்ளைகள், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போதும் ஓர் இரும்புத் துண்டை வரைபடத்தில் உள்ள அளவுக்குக் கொண்டுவரத் திணறுகிறார்கள் என்று ஆசிரியர்கள் குறைப்படுவதுண்டு. இவர்களுக்குக் கைவேலை வராது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழுது பெரும்பாலும் பாடத்தின் வரிசையில்தான் இருக்கிறது. ஆர்வம் வரட்டும் என்று முதல் வாரமே லேத்தை (கடைசல் இயந்திரம்) ஓட்டிக் காட்டுகிறோம். வகுப்பே சுற்றி நிற்கிறது. ஆசிரியர் ஒருவர்தான் ஓட்டுகிறார். பார்த்தவர்களுக்கு எல்லாம் புரிந்ததுபோல இருக்கும், கைக்கு ஒன்றுமே பழகியிருக்காது.

நிலைமையை அறிய மாணவர்களின் அளவுத் தாள்களை எடுத்துப் பாருங்கள். வரைபடத்தில் 25 மில்லிமீட்டர் என்று இருந்து, எல்லாத் தாளிலும் 25.00 என்றே எழுதியிருந்தால் மகிழாதீர்கள். உண்மையாக அளந்தால் ஒருவருக்கு 24.86 வரும், இன்னொருவருக்கு 25.12 வரும். எல்லாருக்கும் ஒரே எண் வந்திருக்கிறது என்றால் யாரும் அளக்கவில்லை, மதிப்பெண்ணுக்குப் பயந்து எழுதியிருக்கிறார்கள். இன்னோர் அறிகுறி, அராவிய தட்டின் நடுவே வயிறு தள்ளி, ஓரங்கள் சரிந்திருப்பது.

ஆகவே அளப்பதிலிருந்து தொடங்குங்கள். ஸ்டீல் ரூல் அரை மில்லிமீட்டர் வரை காட்டும். பட்டறையில் புழங்கும் வெர்னியர் காலிப்பர் 0.02, மைக்ரோமீட்டர் 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் என்று சொல்லி, அவர்கள் முடியையே அளக்கச் சொல்லுங்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களுக்கு அப்போதுதான் ஒரு பொருள் கிடைக்கும். மைக்ரோமீட்டரைக் கிளாம்பைப் போல இறுக்கும் பழக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. கடைசித் திருகலுக்கு ராட்செட்டை (அழுத்தம் மிகாமல் வழுக்கும் முனைத் திருகு) மட்டுமே பயன்படுத்தப் பழக்குங்கள். அளக்கும் முன் வாயை மூடிப் பூஜ்யம் பொருந்துகிறதா என்று பார்ப்பது கட்டாயம். பிறகு ஒரே துண்டை ஐந்து பேரிடம் கொடுத்து, அடுத்தவர் எழுதியதைப் பார்க்காமல் அளக்கச் செய்யுங்கள். துண்டு அளவு தப்பியிருந்தாலும், தப்பிய அளவை ஒளிக்காமல் எழுதியவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே வகுப்பின் போக்கு மாறும்.

அடுத்து அரம். வைஸின் (பிடிப்பு இடுக்கி) மேல்விளிம்பு மாணவரின் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். எல்லா மேசையும் ஒரே உயரமாக இருப்பதால் குள்ளமான பிள்ளைகள் தோளைத் தூக்கிக்கொண்டு அராவுவார்கள். காலடியில் ஒரு மரப்பலகை போட்டால் போதும். வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்காலை முன்வைத்து நிற்க வேண்டும். அரம் முன்னே போகும்போது மட்டும் அழுத்தம்; திரும்பும்போது அழுத்தினால் பற்கள் மழுங்கும். தள்ளத் தொடங்கும்போது இடக்கை கூடுதலாக அழுத்த வேண்டும், நடுவில் இரண்டும் சமம், முடிவில் வலக்கை கூடுதல். இந்த மாற்றம் கைக்கு வராதபோது அரம் ஏற்றப்பலகைபோல ஆடுவதால்தான் தட்டில் வயிறு விழுகிறது. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே ஒளி கசிகிறது என்று மாணவரே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கைப்பிடி இல்லாத அரத்தைப் பெட்டியிலேயே வைக்கக் கூடாது. அதன் கூர்வால் உள்ளங்கையில் ஏறிவிடும்.

வாரக்கணக்கில் அராவினால் பிள்ளைகளுக்குச் சலிக்காதா? சலிக்கும். பயிற்சியா, முழுப்பொருளா என்ற பூசல் பழையது. மாஸ்கோவின் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா-வாஸ் கைவேலையைச் சிறுசிறு பயிற்சிகளாகப் பிரித்து வரிசைப்படுத்தினார். 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்கக் கல்வியாளர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுவீடனில் ஆட்டோ சாலமன், வீட்டுக்கு உதவும் முழுப்பொருளைச் செய்தே கற்க வேண்டும் என்றார். என் கருத்தில் இருபுறமும் பாதி உண்மை உண்டு. பயிற்சி டெல்லா-வாஸின் வரிசையில் இருக்கட்டும், ஆனால் அதன் முடிவில் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பொருள் இருக்கட்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு லேத்துக்கு ஏற்ற முதல் பொருள். முகம் சீவுதல், உருளை கடைதல், கூம்பு கடைதல், துளையிடுதல் நான்கும் அதில் வந்துவிடும். பித்தளையில் செய்தால் அழகுதான். ஆனால் துளையிடும்போது பித்தளை டிரில்லை உள்ளே இழுக்கும், பொடிச்சிதறலும் அதிகம். முதல் முறைக்கு மைல்டு ஸ்டீலே நல்லது.

லேத்துக்கு வரும்போது வேகத்தைக் கணக்குப் போட்டே வைக்கட்டும். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலில் (வெட்டுமுனை) மைல்டு ஸ்டீலுக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று கொண்டால், 25 மில்லிமீட்டர் கம்பிக்கு நிமிடத்துக்குச் சுமார் 320 சுற்று. இயந்திரத்தில் அதற்கு நெருங்கிய, ஆனால் குறைவான வேகத்தை எடுக்க வேண்டும். இந்த டூலில் சுருள் நீலமாக வந்தால் வேகம் அதிகம். டூல் முனை மையத்தில் இருக்கிறதா என்று பார்க்க, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முனைக்கும் கம்பிக்கும் நடுவே ஸ்டீல் ரூலை மெதுவாக இடுக்குங்கள். ரூல் செங்குத்தாக நின்றால் சரி. அதன் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் முனை தாழ்ந்திருக்கிறது. கடைந்த கம்பியின் வெளிநுனி மட்டும் பருமனாக வந்தால் கலங்க வேண்டாம். விட்டத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் கம்பி வெளியே நீண்டிருந்தால் அது வளைந்து விலகும். டெயில்ஸ்டாக்கால் (மறுமுனைத் தாங்கி) தாங்குங்கள்.

சக்கில் (சுழல் பிடிப்பி) சாவி இருக்கும்வரை கை சாவியை விடக் கூடாது. கையுறை, துப்பட்டா, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எதுவும் சுழலும் இயந்திரத்தருகே வேண்டாம். கயிற்றைக் கழற்றப் பிள்ளைகள் தயங்குவார்கள். பெற்றோரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், இரவில் தனியாக லேத்தில் வேலை செய்த மாணவி ஒருவர் தலைமுடி சிக்கி உயிரிழந்தார். எனவே கூந்தலை அள்ளிக் கட்டித் தொப்பிக்குள் செருகுவதும், எவரும் தனியாக ஓட்டாதிருப்பதும் பட்டறையின் சட்டமாக இருக்கட்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் நிறுத்தும் பொத்தான் அருகே நிற்கட்டும்.

கண்ணில் துகள் விழுந்தால் துணி நுனியால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது போன்ற கைவைத்தியம் கூடவே கூடாது. கண்ணைத் தேய்க்காமல் உடனே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருவிழியில் தைத்த இரும்புத் துகள் ஓரிரு நாளிலேயே துருவளையம் உண்டாக்கிவிடும்.

விடுமுறையில் தெரிந்தவர் லேத் பட்டறையில் விட்டால் தானே பழகிவிடும் என்பது பெற்றோர் பலர் நினைக்கும் குறுக்குவழி. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அபாயத்தை விளக்காமலோ, பயிற்சி, மேற்பார்வை இரண்டுமே இல்லாமலோ, ஆபத்தானவை என அரசு குறிப்பிட்ட இயந்திரங்களில் 18 வயது நிறையாதவரை நிறுத்தக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிஎன்சி இயந்திரத்துக்கு (கணினி இயக்கும் இயந்திரம்) விண்ணப்பம் எழுதும் முன், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும், இருவருக்கு ஒரு வெர்னியரும், கைப்பிடி போட்ட நல்ல அரங்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் முதலில் அவற்றை வாங்கிக் கொடுங்கள்.