மணலுக்கு ஒரு கணக்கு, கல்லுக்கு ஒரு கணக்கு

ஓடையின் நலத்தைச் சோதிக்கக் கிளம்பும் குழுக்கள் பெரும்பாலும் பாலத்தடியில்தான் இறங்குகின்றன. வண்டி நிற்பது அங்கே. இறங்குவதற்குத் தடமும் இருக்கும். வலையை நாலு முறை ஆட்டி, வந்ததைத் தட்டில் கொட்டி, “வெறும் புழுதான், ஓடை கெட்டுப்போச்சு” என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் மேலே நடந்து கூழாங்கல் பரப்பில் அதே வலையை வைத்திருந்தால் தீர்ப்பே மாறியிருக்கலாம். கெட்டது ஓடையா, வலை வைத்த இடமா என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அடித்தரையில் வாழும் பூச்சி, புழு, நத்தைகளை வைத்து நீரின் தரத்தைக் கணிக்கும் முறை புதிதல்ல. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு வழிவகுத்தார்கள். குப்பியில் பிடித்த தண்ணீர் அந்த நிமிடத்து நிலையை மட்டும் சொல்லும். இரவில் திறந்துவிட்ட சாயக்கழிவு காலையில் கடந்து போயிருக்கும். ஆனால் கல்லுக்கடியில் மாதக்கணக்கில் வளரும் பூச்சி அந்த இரவையும் சேர்த்து அனுபவித்திருக்கும். பிரிட்டனில் 1970களின் இறுதியில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. முறை, குடும்பத்துக்குக் குடும்பம் 1 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது. மாசைத் தாங்காத குடும்பத்துக்கு 10, எதையும் தாங்கும் மண்புழு இனத்துக்கு 1. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதை ஒட்டிய அட்டவணையைத்தான் வைத்திருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கல் பரப்பில் எடுத்த பிடியில் ஹெப்டஜீனிடே, லெப்டோஃபிளெபிடே என்ற இரண்டு மேஃபிளைக் குடும்பங்களும், பெர்லிடே என்ற ஸ்டோன்ஃபிளைக் குடும்பமும் வந்தால் ஒவ்வொன்றுக்கும் 10. வலை பின்னி இரை பிடிக்கும் கேடிஸ்ஃபிளைக்கு 5, பீட்டிடே மேஃபிளைக்கு 4, கைரோனோமிடே புழுவுக்கு 2. ஆறு குடும்பம், 41 மதிப்பெண், சராசரி 6.8. அதே நாளில், பத்தடி தள்ளி, மணலில் எடுத்த பிடியில் மண்ணில் புதைந்து வாழும் தட்டானின் இளம்பூச்சிக்கு 8, சீனிடே மேஃபிளைக்கு 7, கைரோனோமிடேவுக்கு 2, மண்புழு இனத்துக்கு 1. நான்கு குடும்பம், 18 மதிப்பெண், சராசரி 4.5. வாரியத்தின் அட்டவணையில் 6-லிருந்து 7 வரை லேசான மாசு, 3-லிருந்து 6 வரை மிதமான மாசு. ஒரே ஓடை, ஒரே தண்ணீர், இரண்டு வகுப்பு! இரண்டையும் சேர்த்தால் ஒன்பது குடும்பம், 57 மதிப்பெண், சராசரி 6.3.

தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளும் பயன்படுத்தும் மினிசாஸ் முறை வெறும் 13 கூட்டங்களை வைத்து இயங்குகிறது. அவ்வளவு எளிய முறையிலும் மணல் ஓடைக்கு ஓர் அளவுகோல், பாறை ஓடைக்கு இன்னோர் அளவுகோல் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். மணலில் இயல்பாகவே குடிகள் குறைவு. புரண்டு ஓடும் மணலில் பிடித்து நிற்க இடமில்லை, ஒளிய இடுக்கில்லை.

கருவிகள், காலம், இடம்

வாய் 30 செ.மீ. அகலமுள்ள, அடிப்பக்கம் தட்டையான கைவலை. அரை மில்லிமீட்டர் கண். கொசுவலைத் துணியே போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. அதன் கண் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். இளம் மேஃபிளைகள் அத்தனையும் நழுவிவிடும். இரண்டு வாளி, வெள்ளைத் தட்டு, மென்மையான இடுக்கி, தூரிகை, லென்ஸ், ஸ்பிரிட் ஊற்றிய குப்பிகள். வேறொன்றும் வேண்டாம்.

வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஓடையில் பூச்சி தேடுவது வீண்வேலை. நீர் வடிந்து மூன்று வாரமாவது விட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவுகளில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. தனியாக இறங்கக்கூடாது. மலையில் மேகம் கறுத்தால் உடனே கரையேற வேண்டும். காலில் புண் இருப்பவர் கரையிலிருந்து குறிப்பெழுதட்டும். கழிவு கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

பாலத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் மேலே தள்ளித் தொடங்கி, அங்கிருந்து 100 மீட்டர் நீளம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இருபது பிடியைப் பங்கிடுவது

சறுக்கும் இடம் இதுதான்.

வலையைத் தொடுவதற்கு முன் அந்த 100 மீட்டரையும் கரையோரமாக ஒருமுறை நடக்க வேண்டும், தண்ணீரில் இறங்காமல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1999இல் வெளியிட்ட கையேடு 20 பிடி என்று வகுத்திருக்கிறது. ஐரோப்பிய முறையிலும் 20தான். ஒரு பிடி என்பது தரைப்பரப்பில் 5 சதவீதத்துக்குச் சமம். நடந்து பார்த்ததில் கல்லும் சரளையும் பாதி, மணல் கால்பங்கு, சருகு 10 சதவீதம், கரையோர வேர் 10 சதவீதம், வண்டல் 5 சதவீதம் என்று தோன்றினால் பங்கு முறையே 10, 5, 2, 2, 1. ஐந்து சதவீதத்துக்கும் குறைவான தரைக்குப் பிடி கிடையாது, அது எவ்வளவு ஆசையைத் தூண்டினாலும். நூறு மீட்டரில் ஒரே ஒரு சருகுக் குவியலைப் பார்த்து அதில் நாலு பிடி எடுப்பவர்கள் ஓடையை அளக்கவில்லை, சேகரிப்பு நடத்துகிறார்கள்.

பங்கை முதலில் தாளில் எழுதிவிட வேண்டும். நீரில் இறங்கிய பிறகு எழுதினால் கை எங்கே நிறைய அள்ளியதோ அங்கே சதவீதமும் ஏறிவிடும். இரண்டு பேர் தனித்தனியாகக் கணித்துப் பிறகு ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

கையேடுகள் 20 பிடியையும் ஒரே வாளியில் கலக்கச் சொல்லும். கலக்காமல் தரைக்கொரு குப்பியாகப் பிரித்து வைப்பதே மேல். குப்பி கூடும், வேலை கூடும். ஆனால் ஊருக்கு மேலேயும் கீழேயும் இரண்டு இடத்தை ஒப்பிடும்போது, மேலே கல் மிகுதியாகவும் கீழே மணல் மிகுதியாகவும் இருந்தால், கலந்த குப்பி எதையும் சொல்லாது. பிரித்து வைத்திருந்தால் கல்லைக் கல்லோடும் மணலை மணலோடும் வைத்துப் பார்க்கலாம். மொத்தக் கணக்கு வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

எடுப்பது எப்போதும் கீழிருந்து மேலாக. மேலே கலக்கிவிட்டுக் கீழே வந்தால் கலங்கல்தான் கிடைக்கும்.

தரைக்குத் தரை கைவேலை

கல்லும் சரளையும்: நீர் சலசலத்து ஓடும் இடத்தில் வலையின் வாயை நீரோட்டத்துக்கு எதிரே ஊன்றி, அதற்கு மேல்புறம் நின்று அரைமீட்டர் நீளத்துக்குக் குதிகாலால் திருகிக் கிளற வேண்டும். பெரிய கல்லைக் கையால் எடுத்து வலையின் வாய்க்கு முன்னால் நீருக்குள்ளேயே தேய்க்க வேண்டும். நீருக்கு மேலே தூக்கினால் பாதிக் குடி விழுந்துவிடும். கல்லைத் தூக்கும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். கீழே இடுக்கும் வெற்றிடமுமாக இருந்தால் நல்லது. சேற்றில் பாதி புதைந்து, பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தால், மேலே எங்கோ சாலை வெட்டியோ சரிவைத் திருத்தியோ மண் இறங்கியிருக்கிறது. நீர் தெளிவாக இருந்தும் பூச்சி இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மணல்: இங்கே ஆழமாகத் தோண்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வலை முழுக்க மணலாகிவிடும். மேல் 5 செ.மீ. போதும், கிளறியதும் எழும் புழுதியில் வலையை வீசி எடுக்க வேண்டும். மிச்சமுள்ள மணலோடு வாளியில் கொட்டி, நீர் விட்டு, அரிசி களைவதுபோலச் சுழற்றி மேல்நீரை வலையில் வடிக்க வேண்டும். நாலைந்து முறை போதும். ஆனால் அடியில் தங்கும் மணலை அப்படியே கொட்டிவிடக்கூடாது. மட்டியும் நத்தையும், மணிமணியாய்க் கல் ஒட்டிக் கூடு கட்டிய கேடிஸ்ஃபிளையும் களைந்தாலும் மிதக்காது, அடியிலேயே கிடக்கும். அந்த மணலைத் தட்டில் மெல்லப் பரப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.

சருகு: நேற்று விழுந்த பச்சை இலையில் ஒன்றும் இருக்காது. கறுத்து, வழுவழுப்பாகி, நரம்பு தெரியத் தொடங்கிய இலைக்கட்டுதான் வேண்டும். கீழ்ப்புறம் வலையை வைத்துக்கொண்டு மொத்தமாக உருவி, இலை இலையாக வாளியில் அலச வேண்டும். இரண்டு இலைத்துண்டை வெட்டி ஒட்டி அதற்கு நடுவே குடியிருக்கும் கேடிஸ்ஃபிளை உண்டு. அசையாதவரை வெறும் சருகாகவே தெரியும்.

வேர்: வலையைக் கீழிருந்து மேலாகக் குத்தி உதற வேண்டும். ஊசித்தட்டானின் இளம்பூச்சிகளும் சிறு இறாலும் இங்கேதான்.

வண்டல்: நீர் ஓடாத மடுவில் வலைக்குள் எதையும் தள்ளிவிட நீரோட்டம் உதவாது. காலால் லேசாகக் கிளறி, எழும் கலங்கலில் வலையை மூன்று முறை வீச வேண்டும். எல்லா இடத்திலும் மூன்றே முறை. இங்கே மூன்று, அங்கே பத்து என்றால் ஒப்பீடு போச்சு. சிவந்த புழு வந்ததும் ஓடையை இழுத்து மூடிவிட வேண்டாம். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழ அதன் உடலில் உள்ள ஹீமோகுளோபின் உதவுகிறது. தூய ஓடையின் மடுவிலும் அது இருக்கும். கல் பரப்பிலும் அதுவே கூட்டமாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வழுக்குப் பாறை 5 சதவீதத்தைத் தாண்டினால் தூரிகையால் தேய்த்து வலையில் விழச் செய்யலாம். அவ்வளவுதான்.

தட்டில் பார்ப்பது

தட்டில் விரல்கடை ஆழத்துக்குத் தெளிந்த நீர் ஊற்றி, பிடியைப் பரப்பி, ஐந்து நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பொறுமையற்றவர்கள் உடனே கிளறிவிடுகிறார்கள். பிறகு எது பூச்சி, எது தும்பு என்று தெரியாது. அசைவதை முதலில் எடுத்து, கூட்டோடு கிடப்பவற்றைக் கடைசியில் தேட வேண்டும்.

அதிகம் குழம்புவது மேஃபிளைக்கும் ஸ்டோன்ஃபிளைக்கும் நடுவில். மூன்று வால் என்றால் மேஃபிளை, இரண்டு என்றால் ஸ்டோன்ஃபிளை என்று ஒரு சுருக்குவழி உலவுகிறது. இரண்டே வாலுள்ள மேஃபிளைகள் நம் மலை ஓடைகளிலேயே இருக்கின்றன, வாலை நம்பக்கூடாது. செவுளைப் பார்க்க வேண்டும். வயிற்றின் இருபக்கமும் இலைபோலச் செவுள் அசைந்தால் மேஃபிளை. வயிறு வெறுமையாக இருந்து, கால் முளைக்கும் இடுக்கில் குஞ்சம்போலச் செவுள் இருந்தால் பெர்லிடே ஸ்டோன்ஃபிளை. பாத நுனியில் ஒரு நகமா இரண்டா என்று லென்ஸில் பார்த்தால் ஐயமே தீர்ந்துவிடும்: மேஃபிளைக்கு ஒன்று, ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு. தட்டு வெயிலில் சூடேறினால் ஸ்டோன்ஃபிளை தண்டால் எடுப்பதுபோல உடம்பை ஏற்றி இறக்கத் தொடங்கும். ஆக்சிஜன் போதாமல் செவுளுக்கு நீரைத் தள்ளும் முயற்சி அது. தட்டை உடனே நிழலுக்கு மாற்ற வேண்டும்.

குடும்பம் வரை போனால் போதும். இனம் தேடி இறங்குவது நிபுணர் வேலை. இந்தப் பூச்சிகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த கே.ஜி. சிவராமகிருஷ்ணன் 1984இல் விவரித்த ஒரு மேஃபிளை குற்றாலத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது: பீட்டர்சுலா கோர்டலென்சிஸ். அறிவியலுக்கு இன்னும் பெயர் தெரியாத பூச்சி சாதாரண ஓடைகளில்கூட இருக்கலாம். அதனால்தான் குடும்பம் தெரியாததை ஊகித்து எழுதாமல் தனிக் குப்பியில் போட்டு, தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

பெயரே தெரியாமல் செய்யக்கூடிய கணக்கும் ஒன்று உண்டு. பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முன்பு எடுத்ததோடு மட்டும் ஒப்பிட வேண்டும். வேறுமாதிரி இருந்தால் புதிய தொடர். ஒன்றாக இருந்தால் அதே தொடர். தொடர்களின் எண்ணிக்கையை மொத்தப் பூச்சிகளால் வகுத்தால் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு எண் வரும். வாரியத்தின் பல்வகைமை மதிப்பெண் இதுதான். எடுக்கும்போது கண் பெரியதையே நாடும். தட்டை நாலு கட்டமாகக் கோடிட்டு ஒரு கட்டத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

ஒப்பிடுவது

ஒரே இடத்தின் எண்ணை மட்டும் வைத்து நல்லது, கெட்டது என்று சொல்லக்கூடாது. ஊருக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம், அதே பருவம், அதே ஆட்கள், அதே வலை. கல் பிடியின் சராசரி கீழே சரிந்து, மணல் பிடியின் சராசரி மாறாமல் நின்றால் தண்ணீரைவிட வண்டல் படிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லாத் தரையிலும் ஒருசேரச் சரிந்தால் கழிவு வரும் வாய்க்காலைத் தேடிக் கரையோரம் நடக்கலாம்.

கண்டுபிடித்தவற்றை எண்ணியபின் ஓடையில் விட்டுவிடலாம்; ஐயமானவை மட்டும் ஸ்பிரிட்டில். குப்பிக்குள் போடும் சீட்டில் இடம், தேதி, தரை வகை, பிடிகளின் எண்ணிக்கை நான்கும் இருக்க வேண்டும். அதைப் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மையை ஸ்பிரிட் கரைத்துவிடும்.