மங்கிய வெளிச்சத்தில் போகஸ் பிசகாமல் இருக்க...

கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகல் விளக்கு ஏற்றும் பாட்டியைப் படம் எடுக்கிறீர்கள். கேமராவின் சின்னத் திரையில் படம் நன்றாகத்தான் தெரிகிறது. கம்ப்யூட்டரில் காப்பி செய்து பெரிதாக்கினால் முகம் கலங்கியிருக்கிறது. மறுபடி எடுக்க அடுத்த கார்த்திகை வர வேண்டும். இப்போதுள்ள ஏஐ சாப்ட்வேர்கள் முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தரும்தான். ஆனால் அது சாப்ட்வேர் ஊகித்து வரைந்த முகம், உங்கள் பாட்டியின் முகம் அல்ல. எடுக்கும்போதே சரியாக எடுப்பதுதான் வழி.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். படத்தை 100 சதவீத அளவில் திறக்கவும். முகம் கலங்கி, பின்னால் உள்ள கதவு துல்லியமாக இருந்தால் போகஸ் தவறியிருக்கிறது. எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. விண்டோஸில் அந்த ஃபைல் மேல் ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் என்ற டேபைத் திறந்தால் எக்ஸ்போஷர் டைம் தெரியும். 1/8 செகண்ட் என்றிருந்தால் நான் முதலில் கையைத்தான் சந்தேகிப்பேன். 1/200 என்றால் போகஸை. கை ஆட்டத்திற்கு ஒரு ஸ்டாண்டோ திண்ணைச் சுவரோ போதும்.

போகஸ் விஷயம் அப்படியல்ல. சாதாரண டிஜிட்டல் கேமரா லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, வெளிச்சத்திற்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே அதிகமோ அங்கே நிறுத்துகிறது. இருட்டில் அந்த வித்தியாசம் குறைந்துவிடும், படத்தில் புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸும் அதை மறைத்துவிடும். லென்ஸ் தடுமாறுவது இதனால்தான். டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் உள்ள, 2014-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்5 மூலம் மொபைலுக்கும் வந்த பேஸ் டிடெக்ஷன் முறை இதைவிட வேகமானது. ஆனால் அதற்கும் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு தேவை.

ஆகவே கேமராவுக்கு நல்ல விளிம்பாகக் காட்டுங்கள். வழவழப்பான கன்னத்தில் போகஸ் புள்ளியை வைக்காமல் மூக்குக்கண்ணாடி பிரேமிலோ, முகத்தின் அதே தூரத்தில் இருக்கும் புடவை பார்டரிலோ வையுங்கள். பல போகஸ் புள்ளிகள் இருந்தால் நான் நடுப்புள்ளியையே தேர்வு செய்வேன். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் மங்கலில் நன்றாக வேலை செய்வது அதுதான். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, படத்தின் அமைப்பைச் சரி செய்து, பிறகு முழுதாக அழுத்தவும். மொபைலில் திரையில் அந்த இடத்தை விரலால் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பல மாடல்களில் போகஸ் லாக் ஆகிவிடும். லாக் செய்த பின் நீங்கள் முன்னே பின்னே நகரக் கூடாது. விலை குறைந்த டிஎஸ்எல்ஆரில் 50 எம்எம் லென்ஸை எஃப்/1.8-ல் வைத்து 2 மீட்டர் தூரத்தில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் அரைச் சாண்தான்!

தீபச் சுடரை நோக்கி போகஸ் செய்யாதீர்கள். சிறிய வெளிச்சப் புள்ளி போகஸ் தவறும்போது பெரிய வட்டமாக விரியும். அந்த வட்டத்தின் விளிம்பையே கேமரா சரியான போகஸ் என்று நம்பிவிடலாம். அகலின் மண் விளிம்பு நல்ல இடம்.

எதுவும் பிடிபடவில்லையா? ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லி போகஸை லாக் செய்து, டார்ச்சை அணைத்துவிட்டு எடுங்கள். கேமராவின் முன்புறம் போகஸுக்கென்று சிறு விளக்கு இருந்தால் அதை விரல் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது சில மீட்டருக்குத்தான் எட்டும். வரிசை விளக்குகளை மட்டும் எடுப்பதானால் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, மேனுவல் போகஸுக்கு மாற்றி, லைவ் வியூ திரையைப் பெரிதாக்கி, ரிங்கை மெதுவாகத் திருப்புவதே எனக்குப் பிடித்த முறை. முந்தைய நாள் இரவே ஒரு விளக்கையும் ஒரு சொம்பையும் வைத்துப் பத்துப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் 100 சதவீத அளவில் பார்த்துவிடுங்கள்.