பாலம் அகற்றும் பணியும் படகுப் போக்குவரத்தின் பாதுகாப்பும்

ஒரு பாலம் கட்டப்படும்போது அடிக்கல் நாட்டு விழாவும் திறப்பு விழாவும் நடைபெறுகின்றன. அதே பாலம் முதுமையுற்று அகற்றப்படும்போது விழா எதுவும் இல்லை. ஆயினும், கட்டும் பணியைக் காட்டிலும் அகற்றும் பணி சில வகைகளில் கூடுதலான முன்யோசனையை வேண்டி நிற்கிறது. பாலத்தின் மேல் செல்வோருக்கு மாற்று வழி அமைந்த பின்னரே பழைய பாலத்தில் கை வைக்கிறோம். பாலத்தின் கீழே செல்வோருக்கு அத்தகைய மாற்று வழி பெரும்பாலும் இருப்பதில்லை. ஆற்றையும் கடற்காலையும் வேறிடத்திற்கு மாற்ற இயலாது அல்லவா?

இக்கட்டுரையாளர் வளர்ந்த கோலார் தங்கவயலில் படகு செல்லும் ஆறு இல்லை. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியே அவ்வூருக்குக் குடிநீர் தந்தது. ஆனால் குறுகிய ஒரே வழியில் ஆபத்தான வேலையும் அன்றாடப் போக்குவரத்தும் எவ்வாறு உடன் நடைபெறலாம் என்பதைத் தங்கவயல் மக்கள் அறிந்திருந்தனர். 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு ஆட்களையும் கருவிகளையும் தாதுவையும் கொண்டு சென்ற கூண்டு, மணிக்குறி கிடைக்காமல் நகராது. ஆட்கள் விலகியது உறுதியாகாமல் வெடிவைப்பு இல்லை. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவை கற்பித்த ஒழுங்கு நீர்வழிகளுக்கும் பொருந்தும்.

பாம்பன்: ஒரு நூற்றாண்டுப் பாலம்

நம் நாட்டில் இப்பொருளை ஆராய மிகப் பொருத்தமான இடம் பாம்பன் ஆகும். மண்டபத்தையும் இராமேசுவரம் தீவையும் இணைக்கும் பழைய இரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சற்றேறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தின் நடுவே, இரு சிறகுகளாகப் பிரிந்து மேலெழும் ஷெர்சர் தூக்குப் பகுதி அமைந்திருந்தது. தொழிலாளர்கள் கையால் இயக்கி அதனைத் திறக்க, கலங்கள் கடந்து சென்றன. 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதி சேதமுற்றது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் அது சீரமைக்கப்பட்டது. 2022 டிசம்பரில், பாதுகாப்பைக் கருதி, அதில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

அதற்கு இணையாக எழுப்பப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி 17 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாக மேலெழும். இங்கு ஓர் எளிய உண்மையைக் கவனிக்க வேண்டும். பழைய பாலம் அருகிலேயே நிற்கும் வரையில், பெரிய கலம் ஒன்று கடப்பதற்குப் புதிய பாலம் மட்டும் திறந்தால் போதாது. பழையதும் திறக்க வேண்டும். எனவே, பயன் முடிந்த பாலத்தை அகற்றுவது இரயில்வேயின் கணக்கை முடிக்கும் செயல் மட்டுமன்று. நீர்வழியின் தேவையும் ஆகும்.

பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவிற்கும் இடையே சிறு கலங்களுக்கு நடைமுறையில் உள்ள வழி பாம்பன் கால்வாயே. பருவக்காற்றையொட்டித் திசை மாறும் விசையான நீரோட்டமும் குறுகலான இடைவெளியும் அங்கு மாலுமியின் திறமையைச் சோதிப்பவை. 2013 ஜனவரியில், இழுத்துச் செல்லப்பட்ட மிதவைக் கலம் ஒன்று கட்டுமீறிப் பாலத்தில் மோதி, இரயில்கள் நிறுத்தப்பட்டன. பணி ஏதும் நடைபெறாத காலத்திலேயே இந்நிலை என்றால், பாரந்தூக்கி மிதவைகளும் நங்கூர வடங்களும் நிறைந்த காலத்தில் எத்துணை விழிப்பு வேண்டும் என்பதை உணரலாம்.

ஆபத்து எங்கே உள்ளது?

பொதுவாக மக்கள் அஞ்சுவது மேலிருந்து விழும் இரும்பை. அது மெய்யான ஆபத்தே. ஆயினும் கண்ணுக்குத் தெரிவதால் அதனைத் தவிர்ப்பது எளிது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் மூன்று.

முதலாவது, மிதவைகளை நிலைநிறுத்தும் எஃகு வடங்கள். அவை மிதவையிலிருந்து நாற்புறமும் சரிவாக நீருக்குள் இறங்குகின்றன. அருகே செல்லும் படகின் சுழலி அவற்றில் சிக்கினால் படகு கவிழவும் கூடும். இரண்டாவது, அடித்தரையில் கிடக்கும் இடிபாடு. பெரிய உத்தரத்தை எவரும் மறந்துவிடுவதில்லை. கையளவு கம்பி நீட்டிய கற்காரைத் துண்டே மறக்கப்படுகிறது. மூன்றாவது, நீரோட்டத்தின் மாற்றம். சில தூண்கள் நீங்கிச் சில எஞ்சியிருக்கும் இடைக்காலத்தில், ஓட்டத்தின் விசையும் மணல் படியும் இடமும் மாறுகின்றன. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள மீனவரின் கணக்கும் அப்போது பிழையாகலாம்.

கர்நாடகத்தின் கார்வாரில் இரண்டாவது ஆபத்து நேரில் காணப்பட்டது. காளி ஆற்றின் பழைய பாலம் 2024 ஆகஸ்ட் 7ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் இடிந்து விழுந்தது. ஆற்றில் விழுந்த லாரியின் ஓட்டுநர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அவரை மீட்பதில் உள்ளூர் மீனவர்கள் துணைநின்றனர். காலத்தில் அகற்றப்படாத பாலம் தானே தன்னை அகற்றிக்கொள்ளும் என்பதற்கும், அப்போது மேலே செல்பவர், கீழே செல்பவர் என்ற வேறுபாடு இல்லை என்பதற்கும் இது சான்று.

பால்டிமோர் தரும் பாடம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், 2024 மார்ச் 26ஆம் நாள் மின்விசை இழந்த சரக்குக் கப்பல் மோதி, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் இடிந்தது. கப்பலின் அபாய அறிவிப்பு கிடைத்ததும் காவலர்கள் வாகனங்களைத் தடுத்து நிறுத்தினர். ஆனால் பாலத்தின் மேல் பழுதுபார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் அறுவர் உயிரிழந்தனர். எச்சரிக்கை காவலரை எட்டியது, வேலையாளை எட்டவில்லை. மணிக்குறியின் முழுப் பொருளும் இந்த இடைவெளியில் அடங்கியுள்ளது.

பின்னர் நடைபெற்ற இடிபாடு அகற்றும் பணி பாராட்டத்தக்க முறையில் திட்டமிடப்பட்டது. முழு வழியும் சீராகும் வரை காத்திராமல், ஏப்ரல் மாதத்திலேயே 11 அடி, 14 அடி, 20 அடி, 35 அடி என ஆழம் கூடும் தற்காலிக வழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. சிறு கலங்கள் முதலில் சென்றன. மே 13ஆம் நாள் வெடிவைத்து உத்தரம் வெட்டப்பட்டது. 700 அடி அகலமுள்ள முழு வழியும் ஜூன் 10ஆம் நாள் மீண்டும் பயனுக்கு வந்தது. பெரிய கலத்திற்காகச் சிறிய கலத்தைக் காக்கவைக்க வேண்டியதில்லை என்பதே இதன் பாடம்.

கடைப்பிடிக்கத்தக்க முறைகள்

பணிக்கும் போக்குவரத்துக்கும் ஒரே கட்டுப்பாட்டு நிலையம் இருத்தல் வேண்டும். பாரந்தூக்கியை இயக்குபவருக்கு ஒருவரும் படகுகளுக்கு மற்றொருவரும் தனித்தனியே ஆணையிடும் நிலை விபத்துக்கு வித்தாகும். வழி மூடப்படும் நேரத்தை, மாலுமிகளுக்கான முறையான அறிவிப்புடன், மீன் இறங்குதளங்களில் தமிழில் எழுதியும் ஒலிபெருக்கி வழியாகவும் தெரிவிக்க வேண்டும். நாட்டுப் படகில் வானொலிக் கருவி இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. கரையில் கொடியும் விளக்கும், நீரில் காவல் படகும் தேவை. புதிதாகத் தோன்றிய மூழ்கிய தடையைக் காட்ட, நீலமும் மஞ்சளும் கொண்ட மிதவைக் குறி உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளது. அதன் பொருளை மீனவர்களுக்கு முன்னரே விளக்க வேண்டும். ஒவ்வொரு கட்டப் பணிக்குப் பின்னும் ஒலிமானியால் அடித்தரையை அளந்த பிறகே வழியைத் திறக்க வேண்டும்.

செலவை ஏற்பவர் யார்?

பொருளாதார நோக்கில் இதுவே மையமான கேள்வி. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு வழியை நாள்தோறும் 100 படகுகள் பயன்படுத்துவதாகவும், படகுக்கு 6 பேர் செல்வதாகவும் வைத்துக்கொள்வோம். வழியை 10 நாட்கள் முழுமையாக மூடினால் 6,000 மனித நாட்களின் உழைப்பு வீணாகும். அதே பணியை, முன்கூட்டி அறிவித்து, படகுகள் செல்லாத சில மணி நேரங்களில் மட்டும் 30 நாட்கள் செய்தால், இவ்விழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆனால் ஒப்பந்ததாரருக்கு முதல் முறையே மலிவு. மீனவரின் இழப்பு அவருடைய கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை.

ஆகவே, அந்த இழப்பை ஒப்பந்தத்திற்குள் கொண்டுவருதல் வேண்டும். இலண்டன் மாநகரில் முக்கியச் சாலைகளைத் தோண்டுவோர், நெரிசல் மிகுந்த நேரத்தில் தடத்தை அடைத்திருக்கும் காலத்திற்கு வாடகை செலுத்தும் முறை 2012 முதல் நடைமுறையில் உள்ளது. நீர்வழிக்கும் இதனைப் பின்பற்றலாம். மூடப்படும் ஒவ்வொரு மணிக்கும் கட்டணம் விதித்து, அத்தொகையை வேலையிழந்த படகுத் தொழிலாளர்களுக்கு வழங்கலாம். கட்டணம் இருந்தால், ஒப்பந்ததாரரே குறைந்த நேரத்தில் முடிக்கும் வழியைத் தேடுவார்.

காலத் தேர்வும் முக்கியமானது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. பெரும்பணிகளை அக்காலத்தில் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் நாட்டுப் படகுகளுக்கு அத்தடை இல்லை; அவர்களுக்கென ஒரு வழி எப்போதும் திறந்திருத்தல் வேண்டும். மேற்குக் கடற்கரையிலோ தடைக்காலமாகிய ஜூன், ஜூலை மாதங்கள் ஆறுகளில் வெள்ளம் பெருகும் காலம். அங்கு இதே காலக் கணக்கு பொருந்தாது.

பாலம் கட்டும் திட்ட அறிக்கையிலேயே அதனை அகற்றும் முறையையும் சேர்த்து எழுதுதல் நன்று. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் மீனவர் சங்கத்தினரை அழைத்து, நீரோட்டம் பற்றியும் நேரம் பற்றியும் அவர்கள் கூறுவதைக் கேட்டறிதல் அதைவிட நன்று. பழைய பாலத்தின் கடைசித் தூணும் வெட்டப்பட்ட மறுநாள் காலையில், அவ்வழியே சென்ற அத்தனை படகுகளும் கரை திரும்பியிருந்தால், அப்பணி வெற்றி பெற்றது எனலாம்.