பேனுக்கு ஃபார்மலினா?

கேள்வி: பாறசாலைப் பக்கம் குளத்தில் கட்லா வளர்க்கிறேன். மீன் உடம்பெல்லாம் பேன். ஃபார்மலின் ஊற்றச் சொல்கிறார்கள். 2018-இல் அமரவிளை சோதனைச்சாவடியில் பிடிபட்ட மீனில் இருந்தது இதுதானே?

பதில்: அதேதான். அங்கே மீன் கெடாமலிருக்கக் கலந்தார்கள். குளத்தில் ஆபத்து வேறு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபார்மலின், ஏறக்குறைய 1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். ஏற்கெனவே பாசி மண்டிய குளமென்றால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். அளவு கூடினால் செவுளும் புண்ணாகும். இத்தனைக்கும் செவுள் புழுவுக்கு அது கேட்கும், பேனுக்கு அவ்வளவாகக் கேட்காது. டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பேனைக் கொல்லும். அளவு தப்பினால் கட்லாவையும் கொல்லும், இறால், நண்டு மிஞ்சாது. தயவுசெய்து கண்ணளவில் ஊற்றாதீர்கள். மீன்வளத் துறையினரிடம் தண்ணீரைக் காட்டி அளவு கேளுங்கள். அதுவரை குளத்தில் மூங்கில் கழிகளை நட்டு வையுங்கள். பேன் அதில் வரிவரியாக முட்டையிடும். வாரம் ஒருமுறை பிடுங்கி, நல்ல வெயிலில் காயப்போட்டு மறுபடி நடுங்கள்.