பாராளுமன்றமும் நேரமும்: கூடும் நாள், பேசும் நேரம், முடிவெடுக்கும் வேகம்



பாராளுமன்றத்தின் பணிகள் யாவை என்று கேட்டால், சட்டமாக்கல், நிதிக் கட்டுப்பாடு, நிருவாகத்தை மேற்பார்வை செய்தல் என்று உடனே எழுதி விடுவீர்கள். ஆனால் அப்பணிகளைச் செய்வதற்குச் சபை எப்போது கூடுகிறது, ஒருவர் எவ்வளவு நேரம் பேசலாம், விவாதத்தை யார் முடித்து வைப்பது ஆகிய வினாக்கள் எழும்போது பலர் தடுமாறுகின்றனர். இவை சிறிய விடயங்கள் போலத் தோன்றும். எனினும் பல நாடுகளில் பெரும் அரசியல் பிணக்குகள் இவற்றைச் சுற்றியே எழுந்துள்ளன. மூன்று உண்மை நிகழ்வுகளின் துணையுடன் இப்பகுதியை விளங்கிக் கொள்வோம்.

1. அடிப்படை விளக்கம்

பாராளுமன்றத்திற்குக் கிடைக்கும் நேரம் அளவானது. அந்த நேரத்தின் மீது இரண்டு நியாயமான கோரிக்கைகள் உள்ளன.

(அ) பெரும்பான்மையினரின் கோரிக்கை: மக்கள் தமக்கு ஆணை தந்துள்ளனர், ஆகவே விவாதம் ஒரு கட்டத்தில் முடிந்து வாக்கெடுப்பு நடைபெற வேண்டும்.

(ஆ) சிறுபான்மையினரின் கோரிக்கை: வாக்கெடுப்பில் தாம் தோற்பது உறுதி; ஆகவே அதற்கு முன்னர் தமது கருத்தைச் சபையும் நாடும் கேட்க வேண்டும்.

இங்கு சிறுபான்மை என்பது சபையில் உறுப்பினர் எண்ணிக்கை குறைந்த தரப்பையே குறிக்கும். இவ்விரு கோரிக்கைகளையும் சமப்படுத்துவதற்காகவே நேரம் பற்றிய விதிகள் ஆக்கப்பட்டுள்ளன. இலங்கையில் இவை இரண்டு இடங்களில் காணப்படுகின்றன.

• அரசியலமைப்பு: கூட்டுதல், கலைத்தல் போன்ற பெரிய விடயங்கள்.
• நிலையியற் கட்டளைகள்: அன்றாட அலுவல், முன்னறிவித்தல், பேசும் ஒழுங்கு, வாக்கெடுப்பு முறை. இவற்றை ஆக்கும் அதிகாரத்தை 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 74 ஆவது உறுப்புரை பாராளுமன்றத்திற்கே வழங்கியுள்ளது.

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக் கொள்ளும் மூன்று சொற்களை இங்கு வேறுபடுத்தி அறிக.

• ஒத்திவைத்தல்: ஓர் அமர்வை நிறுத்தி, மற்றொரு நேரத்தில் அல்லது நாளில் தொடர்தல். இதனைச் சபையே செய்கின்றது.
• கூட்டத்தொடரை முடிவுறுத்தல்: ஒரு கூட்டத்தொடரை முடித்து அடுத்த கூட்டத்தொடருக்கு நாள் குறித்தல். இதனை ஜனாதிபதி பிரகடனத்தின் மூலம் செய்கின்றார். அடுத்த கூட்டத்தொடர் இரண்டு மாதத்திற்குள் தொடங்க வேண்டும்.
• கலைத்தல்: அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுளையே முடித்துத் தேர்தலுக்குச் செல்லுதல்.

பத்திரிகைகள் முதலிரண்டையும் "ஒத்திவைப்பு" என்றே எழுதுவதுண்டு. பரீட்சையில் அவ்வாறு எழுதினால் புள்ளிகளை இழக்க நேரிடும்.

2. நிகழ்வு ஒன்று: பேசும் நேரம் – பிரித்தானியா, 1881

எமது பாராளுமன்ற நடைமுறைகளில் பல பிரித்தானியப் பொதுமக்கள் சபையிலிருந்து வந்தவை. ஆகவே இந்த நிகழ்வை அறிவது அவசியமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து பிரித்தானியப் பாராளுமன்றத்தினாலேயே ஆளப்பட்டது. சார்ள்ஸ் ஸ்ருவாட் பார்னெல் தலைமையிலான அயர்லாந்து உறுப்பினர்கள் தன்னாட்சி கோரினர். சபையில் அவர்கள் சிறுதொகையினர். எந்த வாக்கெடுப்பிலும் வெல்ல முடியாதவர்கள். ஆனால் அக்காலத்தில் ஒரு விவாதத்தை முடித்து வைப்பதற்கு விதி எதுவும் இருக்கவில்லை. ஓர் உறுப்பினர் பேச விரும்பும் வரை விவாதம் தொடரும். ஆகவே அவர்கள் நீண்ட உரைகளை ஆற்றியும், அரசாங்க அறிக்கைகளைப் பக்கம் பக்கமாக வாசித்தும், மீண்டும் மீண்டும் ஒத்திவைப்புக் கோரியும் சபை அலுவலைத் தாமதப்படுத்தினர். ஜோசப் பிக்கர் என்னும் உறுப்பினர் 1870 களிலேயே இம்முறையில் பெயர் பெற்றிருந்தார்.

1881 இல் பிரதமர் கிளாட்ஸ்ரனின் அரசாங்கம் அயர்லாந்துக்கென ஒரு சட்டமூலத்தைக் கொண்டு வந்தது. சந்தேகத்தின் பேரில் ஒருவரை விசாரணையின்றித் தடுத்து வைக்க அது இடமளித்தது. அதனை அறிமுகப்படுத்துவதையே அயர்லாந்து உறுப்பினர்கள் எதிர்த்தனர். சனவரி 31, திங்கட்கிழமை மாலை தொடங்கிய அமர்வு பெப்ரவரி 2, புதன்கிழமை காலை வரை இடைவிடாது ஏறத்தாழ 41 1/2 மணித்தியாலம் நீடித்தது. இறுதியில் சபாநாயகர் ஹென்றி பிராண்ட் எழுந்து, எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாத நிலையில், தமது சொந்தப் பொறுப்பில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு விட்டார். மறுநாள் நடைபெற்ற குழப்பத்தில் 36 அயர்லாந்து உறுப்பினர்கள் சபையிலிருந்து இடைநிறுத்தப்பட்டனர்.

இதன் விளைவுகள்:

• 1882 இல் விவாதத்தை முடிவுறுத்தும் விதி முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டது.
• 1887 இல் அவ்விதி விரிவாக்கப்பட்டது. சபாநாயகரின் இணக்கத்துடன் எந்த உறுப்பினரும் விவாத முடிவைக் கோரலாம் என்றாயிற்று. சிறுபான்மையினரின் உரிமை மீறப்படுவதாகக் கருதினால் சபாநாயகர் அதனை மறுக்கலாம்.
• அதே ஆண்டில், அயர்லாந்து பற்றிய மற்றொரு சட்டமூலத்திற்கு முடிவு நேரம் முன்கூட்டியே குறிக்கப்பட்டது. அந்நேரம் வந்ததும் எஞ்சிய வாசகங்கள் விவாதமின்றியே வாக்குக்கு விடப்பட்டன. தலையை வெட்டும் பொறியின் பெயரால் இம்முறை "கில்லட்டின்" எனப்பட்டது.

இங்கு சிந்திக்க வேண்டியது யாதெனில், இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதாகும். ஒரு சபை முடிவே எடுக்க முடியாமல் முடங்குவது சனநாயகமன்று. மறுபுறம், விசாரணையின்றி மக்களைச் சிறையிடும் சட்டத்தை எதிர்க்க, அம்மக்களின் பிரதிநிதிகளிடம் பேச்சைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

3. நிகழ்வு இரண்டு: முடிவெடுக்கும் வேகம் – இலங்கை, 2010

1881 இல் பிரச்சினை விவாதம் அளவுக்கு மீறி நீண்டது. இதற்கு எதிர்மாறான பிரச்சினையும் உண்டு. அது அளவுக்கு மீறிய விரைவு.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு முதலில் ஆக்கப்பட்டவாறு, ஒரு சாதாரண சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறுவதற்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன்னர் வர்த்தமானியில் வெளியிடப்பட வேண்டும். ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றதிலிருந்து ஒரு வாரத்திற்குள் எந்தப் பிரசையும் அதனை உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்தலாம். ஆனால் 122 ஆவது உறுப்புரை "அவசர சட்டமூலம்" என ஒரு விதிவிலக்கை வைத்திருந்தது. நாட்டின் நலன் கருதி அவசரமானது என அமைச்சரவை கருதினால், மேற்கூறிய நாட்கள் பொருந்தா. உயர் நீதிமன்றம் 24 மணித்தியாலத்தில், அல்லது ஜனாதிபதி குறிப்பிட்டால் மிகக் கூடியது மூன்று நாளில், தனது தீர்மானத்தை வழங்க வேண்டும்.

ஜனாதிபதிப் பதவிக்கு ஒருவர் இரு தடவைக்கு மேல் தெரிவு செய்யப்பட முடியாது என்ற வரையறையை நீக்கிய 18 ஆவது திருத்தம் இந்த அவசர முறையிலேயே கொண்டு வரப்பட்டது. 2010 செப்தெம்பர் 8 ஆம் திகதி ஒரே நாளில் விவாதிக்கப்பட்டு, 161 க்கு 17 என்னும் வாக்குகளால் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தது. எண்ணிக்கையில் குறை இல்லை. விமர்சகர்கள் எழுப்பிய வினா வேறொன்று: நாட்டின் அடிப்படைச் சட்டத்தை மாற்றுவதில் என்ன அவசரம்? மக்கள் அதனை வாசித்து அறியும் காலம் எங்கே?

2015 இல் 19 ஆவது திருத்தம் 122 ஆவது உறுப்புரையை நீக்கியது. அதன் பின் வந்த திருத்தங்கள் இப்பகுதியை மீண்டும் தொட்டுள்ளன. ஆகவே விடை எழுதும்போது எந்த ஆண்டின் ஏற்பாடு என்பதைக் கட்டாயம் குறிப்பிடுக.

4. நிகழ்வு மூன்று: கூடும் நாள் – இலங்கை, 2018

திகதி வரிசையைக் கவனமாக மனத்தில் பதித்துக் கொள்க. ஆண்டு 2018.

• ஒக்ரோபர் 26: ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக நியமித்தார்.
• ஒக்ரோபர் 27: கூட்டத்தொடர் முடிவுறுத்தப்பட்டது. அடுத்த கூட்டம் நவம்பர் 16 எனக் குறிக்கப்பட்டது.
• நவம்பர் 4: அந்நாள் நவம்பர் 14 ஆக முற்படுத்தப்பட்டது.
• நவம்பர் 9: பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.
• நவம்பர் 13: கலைப்பை இடைநிறுத்தி உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை வழங்கியது.
• நவம்பர் 14: சபை கூடியது. நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாகச் சபாநாயகர் கரு ஜயசூரிய அறிவித்தார்.
• திசெம்பர் 13: பாராளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என ஏழு நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இந்நிகழ்வில் காலம் பற்றிய மூன்று பிணக்குகள் அடங்கியுள்ளன.

(அ) கூட்டத்தொடரை முடிவுறுத்தியமை. ஒக்ரோபர் 27 முதல் நவம்பர் 16 வரையான காலம் இரண்டு மாத எல்லைக்குள்ளேயே இருந்தது. ஆனால் யாருக்குப் பெரும்பான்மை உண்டு என்பதைக் காட்டக்கூடிய ஒரே இடம் அந்நாட்களில் மூடியிருந்தது. நாள் எல்லை மீறப்படாவிட்டாலும், நாளைக் குறிக்கும் அதிகாரம் எதற்காகப் பயன்படுத்தப்பட்டது என்ற வினா எழுந்தது.

(ஆ) கலைத்தமை. 19 ஆவது திருத்தத்தின்படி, முதற் கூட்டத்திலிருந்து நான்கரை ஆண்டுகள் முடியுமுன், மூன்றில் இரண்டு உறுப்பினர்களின் தீர்மானம் இன்றிப் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது. அப்பாராளுமன்றம் முதலில் கூடியது 2015 செப்தெம்பர் 1 இல் ஆகும். ஆகவே கால எல்லைக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. தீர்ப்பின் பின்னர் அதே பாராளுமன்றம் நான்கரை ஆண்டுகளை நிறைவு செய்து, 2020 மார்ச் 2 இல் கலைக்கப்பட்டது. (2020 இல் 20 ஆவது திருத்தம் இக்கால எல்லையை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது.)

(இ) வாக்கெடுப்பு நடைபெற்ற முறை. நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்தி அன்றே பிரேரணை எடுக்கப்பட்டது. உரிய முன்னறிவித்தல் இல்லை, குரல் வாக்கெடுப்புப் போதாது என ஒரு தரப்பு வாதிட்டது; ஜனாதிபதியும் அதனை ஏற்க மறுத்தார். 225 பேர் கொண்ட சபையில் 122 பேர் கையொப்பமிட்டுள்ளனர், குழப்பத்தினால் பெயர் கூறி வாக்கெடுக்க இயலவில்லை என மறு தரப்பு கூறியது.

அரசியலில் உங்கள் விருப்பம் எதுவாயினும், விடையில் இரு தரப்பு வாதங்களையும் எழுதிய பின்னரே முடிவைக் கூற வேண்டும்.

5. மூன்று நிகழ்வுகளிலிருந்தும் பெறும் முடிவு

நேரம் பற்றிய எந்த விதியையும் மதிப்பிட மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள்.

1. நேரத்தைத் தீர்மானிப்பவர் யார்? (சபாநாயகரா, அரசாங்கமா, ஜனாதிபதியா, சபையா?)
2. எதிர்த்தரப்பு தனது கருத்தைச் சொல்ல அவ்விதி இடமளிக்கின்றதா?
3. இறுதியில் சபை முடிவெடுக்க அவ்விதி இடமளிக்கின்றதா?

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் "ஆம்" என விடை கிடைத்தால் அவ்விதி சனநாயகத்திற்கு உகந்ததாகும். 1881 க்கு முந்திய பொதுமக்கள் சபையில் மூன்றாவது இல்லை. 2010 இன் அவசர முறையில் இரண்டாவது மிகச் சுருங்கியது. 2018 இல் சபை கூடாதிருந்த நாட்களில் இரண்டுமே இருக்கவில்லை.

6. மாதிரி வினா – விடை

வினா 1: கூட்டத்தொடரை முடிவுறுத்துவதற்கும் பாராளுமன்றத்தைக் கலைப்பதற்கும் உள்ள இரு வேறுபாடுகளைத் தருக.

விடை: (i) முன்னையதில் உறுப்பினர் பதவி தொடரும், பின்னையதில் முடிவுறும். (ii) முன்னையதன் பின் அதே பாராளுமன்றம் மீண்டும் கூடும். பின்னையதன் பின் பொதுத்தேர்தல் நடைபெறும்.

வினா 2: விவாதத்திற்கு நேர எல்லை விதிப்பதால் ஏற்படும் ஒரு நன்மையும் ஒரு தீமையும் கூறுக.

விடை: நன்மை: சபை அலுவல் முடங்காது உரிய காலத்தில் முடிவெடுக்கப்படும். தீமை: சட்டமூலத்தின் சில பகுதிகள் ஆராயப்படாமலே நிறைவேறக்கூடும்.

வினா 3: "பெரும்பான்மை இருந்தால் மட்டும் போதாது, போதிய காலமும் வேண்டும்." 18 ஆவது திருத்தம் நிறைவேறிய முறையைக் கொண்டு விளக்குக.

விடைக் குறிப்பு: அவசர சட்டமூலத்தின் பொருள், பிரசைகள் இழந்த கால அவகாசம், ஒரே நாள் விவாதம், வாக்கு எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுக. பின்னர் அரசாங்கத் தரப்பு வாதம் ஒன்றையும் சேர்க்குக. உதாரணமாக, அம்முறை அக்காலத்தில் அரசியலமைப்பிலேயே இருந்தது என்பதும் தேவையான பெரும்பான்மை கிடைத்தது என்பதும். இறுதியில் உமது முடிவை இரண்டு வசனங்களில் தருக.

பயிற்சி: உமது பாடசாலை மாணவர் பாராளுமன்றத்தில் 40 நிமிட அமர்வு ஒன்று நடைபெறுகின்றது. பிரேரணை ஒன்று, ஆதரிப்போர் 30 பேர், எதிர்ப்போர் 10 பேர். இரு தரப்பினருக்கும் நேரத்தை எவ்வாறு பகிர்வீர்? எண்ணிக்கைப்படி பகிர்வதா, சமமாகப் பகிர்வதா? காரணங்களுடன் எழுதி, மேலே தந்த மூன்று வினாக்களைக் கொண்டு நீரே சரிபார்க்க.