வேகம் கூட்டப் போகிற உனக்கு

கண்ணு, புது மதர்போர்டு வாங்கியிருக்கிறாய், பயாஸுக்குள் போய் எண்களை மாற்றிப் பார்க்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். கேட்கவே மகிழ்ச்சியாக இருந்தது. சிப்பின் வேகத்தைக் கூட்டும் ஓவர்கிளாக்கிங்கைக் கற்றுத்தர இன்று காணொளிகள் ஏராளம். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவை என்னைவிட நன்றாகவே காட்டும். பல ஆண்டுகள் இந்த வேலையோடு கிடந்தவன் என்ற உரிமையில், அவை சொல்லாமல் விடுகிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

1. வேகம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு தொடு. தொழிற்சாலையில் சிப்புகளைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார்கள். கடும் வெயிலிலும், தூசி அடைத்த பெட்டிக்குள்ளும், பல வருடம் கழிந்த பிறகும் பிழையில்லாமல் ஓட வேண்டும் என்பதால் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அவற்றின் வேகத்தைக் குறிக்கிறார்கள். நாம் எடுத்துக்கொள்வது அந்த மிச்ச இடத்தை. 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ இதற்கு நல்ல பாடம். அதன் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சிப்பின் வேகம். ஏபிட் பிஎச்6 போன்ற 440பிஎக்ஸ் போர்டில், ஜம்பரைத் தொடாமல் பயாஸுக்குள்ளேயே பஸ்ஸை 100 ஆக்கினால், 300இல் ஓட வேண்டிய சிப் 450இல் ஓடியது. அதன் 128 கேபி கேஷ் சிப்புக்குள்ளேயே இருந்ததும் அந்தத் தாவலைத் தாங்கியதற்கு ஒரு காரணம். அப்போது சிலர், எதற்கு வம்பு, 83 போதும் என்று நடுவழியில் நின்றார்கள். அடக்கமான முடிவு போலத்தான் தெரியும். ஆனால் பிசிஐ பஸ்ஸின் வேகம் இந்தப் பஸ்ஸை வகுத்து வருவது. 66ஐ இரண்டால் வகுத்தால் 33. 100ஐ மூன்றால் வகுத்தாலும் 33. இரண்டும் பிசிஐக்கு உரிய அளவு. பல போர்டுகளில் 83ஐயும் இரண்டால்தான் வகுத்தார்கள். அது 41ஐத் தாண்டிவிடும். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் தகவலெல்லாம் அந்த வழியில்தான் போகிறது. புராஜெக்ட் கோப்புகள் சிதைந்துபோன ஒரு கல்லூரி மாணவன், டிஸ்க்தான் பழுது என்று நினைத்துப் புதியது வாங்கி மாட்டி, அதிலும் கோப்புகளைப் பறிகொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பெரிய தாவல் பத்திரமாக இருந்தது, சின்னத் தாவல் கெடுத்தது. காரணம் தெரியாத நிதானமும் அவசரத்தோடு சேர்ந்ததே.

2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை. ஒரு சாதாரண நோட்டு போதும். தேதி, வேகம், வோல்டேஜ், சிப்பின் சூடு. இவற்றோடு அறையின் சூட்டையும் எழுது, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காற்றால் குளிர்விக்கும் எந்த ஹீட்சிங்கும் சிப்பை அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. மார்கழி இரவில் அறை 25 டிகிரி, சிப் 70 என்றால், கத்திரி வெயிலில் அறை 38 ஆகும்போது அதே சிப் 83ஐத் தொடும். மார்கழியில் வெற்றி என்று அறிவித்த கணினிகள் சித்திரையில் மண்ணைக் கவ்வுவது இதனால்தான். உன் அமைப்பை உன் ஊரின் மிக மோசமான நாளுக்குச் சரிபார். மூன்று அமைப்புகளை ஒன்றாக மாற்றி, கணினி நின்றுபோனால், எது நிறுத்தியது என்று உனக்கு யார் சொல்வார்கள்? பதறாத காரியம் சிதறாது.

3. வோல்டேஜில் பேராசை வேண்டாம். சிப் தின்னும் மின்திறன் வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினால், வேகம் மாறாவிட்டாலும் 21 சதவீதம் அதிகச் சூடு. வேகத்தையும் 10 சதவீதம் கூட்டினால் 33 சதவீதம். இது உடனே தெரியும் விலை. தெரியாத விலை இன்னொன்று உண்டு. பென்டியம் 4இன் நார்த்வுட் சிப்புகளுக்கு 1.5 வோல்ட் அளவில் கொடுக்க வேண்டியிருக்க, 1.7க்கு மேல் ஏற்றி ஓட்டியவர்கள் பலர். அந்தச் சிப்புகள் வாரக்கணக்கில் பிரமாதமாக ஓடிவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் செத்தன. ஹீட்சிங்க் அப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அதிக வோல்டேஜும் அதிக மின்னோட்டமும் சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய பாதைகளை மெல்ல மெல்ல அரிக்கின்றன. வெப்பமானி அதைக் காட்டாது. தயாரிப்பாளர்களுக்கே இது தவறும். 2024இல் இன்டெல் தன் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சில அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு வாங்கிக் கெடுகின்றன என்று ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை. அதனால் முதலில் குறைக்கப் பழகு. அதே வேகத்தை எவ்வளவு குறைந்த வோல்டேஜில் ஓட்டலாம் என்று தேடு. அதில் தேறியவன் பிறகு கூட்டும்போது அளவோடு கூட்டுவான்.

4. கையைப் பழக்கு. சென்னை ரிச்சி தெருவில் கணினி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். எவ்வளவு கூட்டம் நின்றாலும், கை கழுவித் துடைத்து, பெட்டியின் உலோகத்தை ஒரு முறை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போர்டை எடுப்பார். அத்லான் தண்டர்பேர்டு சிப்புகளின் காலம் அது. மேலே உலோக மூடி கிடையாது. சிலிக்கான் வெறுமனே வெளியே தெரியும். ஹீட்சிங்கின் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மாட்டும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் மூலை உடைந்துவிடும். ஹீட்சிங்க் இல்லாமல் ஆன் செய்தால் நொடிகளில் கருகிவிடும். அந்த அண்ணன் கையில் ஒரு சிப்பும் உடைந்து நான் பார்த்ததில்லை. திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு. பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபில் ஆல்கஹால் வைத்துத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடு. இரண்டு பரப்புகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்பத்தான் பேஸ்ட். அள்ளிப் பூசினால் குளிர்ச்சி கூடாது.

5. பெயர் இல்லாத பாகங்களையும் கவனி. எல்லோருக்கும் பிராசசர்மேல்தான் கண். அதற்கு மின்சாரத்தை அளந்து ஊட்டும் மாஸ்ஃபெட்டுகளும் கெப்பாசிட்டர்களும் பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. கம்பெனி கொடுக்கும் சாதாரண ஃபேன் கீழ்நோக்கி ஊதும்போது அவற்றுக்கும் காற்றுக் கிடைக்கும். நீ ஆசையாக வாட்டர் கூலிங் மாட்டுகிறாய்; பிராசசர் குளிர்கிறது, அந்தக் காற்று நின்றுபோகிறது. பக்கத்தில் இருப்பவை வெந்துபோகின்றன. திரவ கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 2000களின் முற்பகுதியில் தரம் கெட்ட கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளைக் கொன்றன. தலை உப்பி, பழுப்பாகக் கசிந்து நிற்கும். பழைய போர்டு வாங்கினால் முதலில் அவற்றின் தலையைப் பார். ஒரு சின்ன ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைப்பது புகைப்படத்தில் அழகாக இராது. பரவாயில்லை, வை.

6. தண்ணீர் விஷயத்தில் குறுக்குவழி இல்லை. குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீர்தான். செம்பையும் அலுமினியத்தையும் ஒரே சுற்றில் சேர்க்காதே, அரித்துவிடும். முதலில் பம்பை மட்டும் ஓட்டி, இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ வைத்து ஒரு நாள் காத்திரு. அறைச் சூட்டுக்குக் கீழே குளிர்விக்கும் பெல்டியர் போன்றவை கடலோர ஊருக்குப் பெரும் சோதனை. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் நம் சென்னையில் 20 டிகிரியில் இருக்கும் பொருள்கூட வியர்க்கும். அந்த ஆசை இப்போதைக்கு வேண்டாம்.

7. ஓடுகிறது என்று சொல்வதற்கு முன் நிரூபி. டெஸ்க்டாப் திரை வந்ததும் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பத் தோன்றும். பொறு. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓட்டு. பிறகு பிரைம்95. பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட நிரல் அது. அதன் சோதனை முறையில் விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் சிப்பைப் போடச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு பிழை வந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கணினி நின்றுபோவதைவிட மோசமானது, நிற்காமல் தப்பாகக் கணக்கிடுவது. அந்தத் தப்பு சத்தமில்லாமல் ஒரு கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உன் அப்பா கணக்கு எழுதும் கணினியிலும், அக்கா ஆய்வேடு எழுதும் கணினியிலும் இந்த வேலையைச் செய்யாதே. உன் ஆர்வத்துக்கு இன்னொருவர் உழைப்பைப் பணயம் வைக்க உனக்கு உரிமை இல்லை.

8. திரை வராவிட்டால் பயப்படாதே. மின்சாரத்தைத் துண்டி, பயாஸ் அமைப்பை அழிக்கும் சிமாஸ் ஜம்பரை மாற்று, அல்லது போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் கழித்துப் போடு. பெரும்பாலும் மீண்டு வரும். கருகல் வாசனை வந்தால் யோசிக்காமல் பிளக்கைப் பிடுங்கு. பவர் சப்ளையை மட்டும் எந்தக் காலத்திலும் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்.

9. நீ எரித்ததை நீயே சுமந்துகொள். எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான். அளவுக்கு மீறி வோல்டேஜ் ஏற்றிக் கொன்ற சிப்பைத் துடைத்து, "ஒன்றுமே செய்யவில்லை, தானாகப் போய்விட்டது" என்று கடைக்காரரிடம் மாற்றிக் கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திறமையான பையன்கள்தான். அந்தப் பணம் பல நேரம் சின்னக் கடைக்காரர் தலையில் விழும். அடுத்து வரும் உண்மையான பழுதையும் அவர் சந்தேகிப்பார். செத்துப்போனால் தாங்கிக்கொள்ள முடியாத பொருளைத் தொடாதே.

இன்றைய பிராசசர்கள் சூட்டையும் மின்திறனையும் பார்த்துத் தாங்களே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. செலரான் கொடுத்ததுபோல் 50 சதவீதம் உனக்குக் கிடைக்காது. சில சதவீதம் கிடைத்தால் பெரிது. அதனால் புது போர்டைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டு வை. என்னிடம் பழைய போர்டு ஒன்றும், சிப் ஒன்றும் இருக்கின்றன. அடுத்த முறை வரும்போது எடுத்துப் போ, அதில் தொடங்கு.